காலையிலும் மாலையிலும் ஃபேன் சத்தம்

ஆகஸ்ட் 4

மெக்கானிக் சார் அவர்களுக்கு,

வணக்கம். இது புகார்க் கடிதம். வேற எதுவும் இல்லைன்னு முதல்லயே சொல்லிடறேன்.

என் மேக் லேப்டாப் நாலு நாளா உயிரை வாங்குது. எதைத் தொட்டாலும் அந்தக் கலர் சக்கரம் வந்து சுத்த ஆரம்பிச்சிடுது. ஒரு வசனத்தைத் தட்டிட்டு, அது திரையில வர்றதுக்குள்ள எழுந்து போய் டீ போட்டுட்டு வந்துடலாம். படத்துக்கு அடியில எழுத்து போடுறவளுக்கு இது ஒத்து வருமா? ஆள் வாயைத் திறக்கும்போது எழுத்து வரணும், மூடினதும் போகணும். வர்ற வெள்ளிக்கிழமை ஒரு முழுப் படம் முடிச்சுக் கொடுக்கணும்.

பக்கத்துல இருக்கற ரெண்டு கடைக்கும் போன் பண்ணிக் கேட்டாச்சு. ஒருத்தர் ஒரு வாரம் விட்டுட்டுப் போகச் சொல்றார். இன்னொருத்தர் பார்க்கக்கூட இல்லை, புதுசு வாங்கிடுங்கன்னுட்டார். இதைத் தேடிப் பிடிச்சு வாங்கிக் கொடுத்தது நீங்க. நீங்கதான் பதில் சொல்லணும்.

போன்லயே கேட்டிருக்கலாமேன்னு தோணும். தினமும் சாயங்காலம் நம்ம வாலுகிட்ட பேசறீங்க, நானும் அதே சோபாவுலதான் உட்கார்ந்திருக்கேன். ஆனா உங்க குரலைக் கேட்டா எனக்குப் பத்திக்கிட்டு வருது. கடல் தாண்டி வேலைக்குப் போறேன்னு கையெழுத்து போட்டுட்டு, கட்டினவகிட்ட ஒரு வார்த்தை சொல்லாம, உங்க அக்கா வாயால நான் தெரிஞ்சுக்கற மாதிரி பண்ணீங்களே. ஏழு மாசம் ஆச்சு, இன்னும் ஆறலை. அதனால மெயில்ல, எழுத்தோட நிக்கட்டும். எட்டு வயசுப் பிள்ளையை நடுவுல வெச்சு "அப்பாகிட்ட இதைக் கேளு, அம்மாகிட்ட அதைச் சொல்லு"ன்னு பேசறதும் எனக்கு அலுத்துப்போச்சு.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்


ஆகஸ்ட் 5

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர் அவர்களுக்கு,

தங்கள் புகார் கிடைத்தது. அவசரம் புரிகிறது. கீழே உள்ளதை வரிசை மாற்றாமல் செய்யவும்.

முதலில் மெஷினை முழுசாக ஆஃப் செய்யவும். மூடியை மூடுவது ஆஃப் செய்வது ஆகாது. இதை ஒன்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பிறகு பவர் பட்டனை அழுத்தி, விடாமல் பிடித்துக்கொண்டே இருந்தால் சில படங்கள் வரும். உங்கள் டிஸ்க் படத்தைத் தேர்ந்தெடுத்து, ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி 'சேஃப் மோட்' கொடுக்கவும். அதில் வேகமாக ஓடினால் மெஷின் மேல் தப்பில்லை, அதற்குள் புகுந்த ஏதோ ஒன்றின் மேல்தான் தப்பு.

அடுத்து சிஸ்டம் செட்டிங்ஸ், ஜெனரல், ஸ்டோரேஜ். எவ்வளவு இடம் மீதி என்று பார்க்கவும். அதோடு 'ஆக்டிவிட்டி மானிட்டர்' என்று தேடித் திறந்து, சிபியு பத்தியில் யார் உச்சியில் உட்கார்ந்திருக்கிறார் என்று பெயரை எழுதி அனுப்பவும்.

ஒரு கேள்வி. "உங்கள் மேக்கைச் சுத்தம் செய்து தருகிறோம்" என்று கூவும் மென்பொருள் எதையாவது போட்டீர்களா? உண்மையைச் சொல்லவும். திட்ட மாட்டேன்.

வாலு தனக்குப் பல் விழுந்ததாகச் சொன்னாள். மேல் பல்லா, கீழ்ப் பல்லா என்று கேட்க மறந்துவிட்டேன். இது மெஷினுக்குச் சம்பந்தமில்லாத கேள்வி. விருப்பம் இருந்தால் பதில் சொல்லலாம்.

இப்படிக்கு,
மெக்கானிக்


ஆகஸ்ட் 10

மெக்கானிக் சாருக்கு,

திட்ட மாட்டேன்னு எழுதியிருக்கீங்க, நினைவு வெச்சுக்கோங்க. போட்டது நான் இல்லை, என் தம்பி. போன மாசம் வந்தவன், "அக்கா, உன் மெஷின்ல குப்பை சேர்ந்திருக்கு"ன்னு ஏதோ ஒரு கிளீனரை ஏத்திட்டுப் போயிட்டான். உச்சியில உட்கார்ந்திருந்தது அதேதான். சேஃப் மோட்ல மெஷின் குதிரை மாதிரி ஓடிச்சு. நீங்க வாலுகிட்ட சொல்லி அனுப்பின மாதிரியே அதை எடுத்தேன், கூடவே, மெஷினை ஆன் பண்ணதும் தானா ஓடுற 'லாகின் ஐட்டம்ஸ்'ல ஒளிஞ்சிருந்த அதோட மிச்சத்தையும் எடுத்தேன்.

இடம் நாலே நாலு ஜிபி மிச்சம். ரெண்டு வருஷமா முடிச்சுக் கொடுத்த படமெல்லாம் உள்ளேயே கிடந்துச்சு. வெளி டிஸ்க்குக்கு மாத்தி, குப்பைத் தொட்டியையும் காலி பண்ணேன். காலி பண்ணலைன்னா இடம் வராதுன்னு எனக்கும் தெரியும், அதுக்கு ஒரு மெக்கானிக் வேண்டாம்.

சக்கரம் போயே போச்சு. நேத்து சொன்ன நேரத்துக்குப் படத்தைக் கொடுத்துட்டேன். நன்றி. இத்தோட நம்ம விவகாரம் முடிஞ்சது.

கீழ்ப் பல். முன்பக்கம். சீட்டி அடிக்க வராம தவிக்கிறா.

பி.கு. முடிஞ்சதுன்னு எழுதிட்டேன். ஆனா இன்னொரு கோளாறு இருக்கு. ஃபேன் சத்தம். ஹெட்ஃபோன் போட்டிருந்தாலும் உர்ருன்னு கேட்குது. என்ன பண்றது?


ஆகஸ்ட் 11

வாடிக்கையாளருக்கு,

உங்க தம்பியைத் திட்ட மாட்டேன்னு நான் எழுதவே இல்லை. அவனை அப்புறம் கவனிச்சுக்கறேன். இனிமே யாரு எதைச் சொன்னாலும் போடாதீங்க. பேக்கப்புக்கு டைம் மெஷின் மேக்கோடயே வருது, அந்த வெளி டிஸ்க்கை மாட்டினா தானா எடுத்துக்கும். பிடிஎஃப்ல குறிப்பெழுத, கையெழுத்து போட 'ப்ரிவ்யூ' போதும். எந்த மாதிரி வீடியோ வந்தாலும் விஎல்சி ஓட்டிடும், அதுவும் இலவசம். இதைத் தாண்டி உனக்கு ஒண்ணும் வேண்டாம். மன்னிக்கவும், உங்களுக்கு.

ஃபேன் விஷயத்துக்கு வர்றேன். இது அலட்சியப்படுத்துற விஷயம் இல்லை. நல்லா கவனிச்சுத்தான் மருந்து சொல்ல முடியும். அதனால தினமும் காலையில ஒரு தடவை, மாலையில ஒரு தடவை குறிப்பு எழுதி வெச்சு, வாரத்துக்கு ஒரு முறை அனுப்பணும். வெறுமனே சத்தம் உண்டு, இல்லைன்னு எழுதினா பத்தாது. அப்போ மணி என்ன, ஜன்னல் திறந்திருந்துச்சா, அறையில யார் யார் இருந்தாங்க, என்ன பேசிட்டிருந்தாங்க, நீங்க என்ன செஞ்சுட்டிருந்தீங்க, எல்லாம் வேணும். சின்னதுன்னு எதையும் விட்டுடாதீங்க.

இங்கே மேனேஜர் ஒரு பேப்பர் கொடுத்திருக்கார். இன்னும் ரெண்டு வருஷத்துக்கு ஒப்பந்தம். செப்டம்பர் 16-ஆம் தேதிக்குள்ள கையெழுத்து போட்டுக் கொடுக்கணும், இல்லைன்னா அந்த மாசக் கடைசியோட சரி, அக்டோபர்ல கிளம்பலாம்னு சொல்றார். இந்தத் தடவை முன்கூட்டியே சொல்லிட்டேன்.

மெக்கானிக்


ஆகஸ்ட் 18

மெக்கானிக் சாருக்கு,

கேட்ட குறிப்பு.

திங்கள் காலை 7.10. சத்தம் உண்டு. ஜன்னல் திறந்திருந்தது. வாலு ஒத்தை ஷூவோட வீடு பூரா சுத்தி வந்தா. இன்னொரு ஷூ நாற்காலிக்கு அடியில. நான் பார்த்துட்டேன், சொல்லலை, அவளே தேடட்டும்னு விட்டேன்.

திங்கள் மாலை 6. சத்தம் லேசா. ஒரு கோர்ட் படம் ஓடுது. வக்கீல் மூச்சு விடாம பேசறான், ரெண்டு வரிக்குள்ள அவனை அடக்க முடியலை.

செவ்வாய் காலை. சத்தம் இல்லை. மழை. ஒருவேளை மழைச் சத்தத்துல கேட்கலையோ என்னவோ.

செவ்வாய் மாலை 5.30. உண்டு. மேல் வீட்டு டிரைவர் வந்து, குழாய் கசியுது, சார் இருந்தா ஒரு நிமிஷத்துல சரி பண்ணுவாரேன்னார். சார் கம்ப்யூட்டர்தான் பார்ப்பார், குழாய் பார்க்க மாட்டார்னேன். அவர் போனப்புறம்தான் நினைவு வந்தது, நம்ம சமையலறைக் குழாயை நீங்கதான் பார்த்தீங்க.

புதன் காலை 7. உண்டு. முட்டை ரெண்டு வேக வெச்சேன். மூணு எடுத்து, ஒண்ணைத் திரும்ப வெச்சேன். ஏழு மாசமாகியும் கை மூணுதான் எடுக்குது.

புதன் மாலை. உண்டு. வாலு என் மேசைக்கு அடியில உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினா. ஏன் அங்கேன்னு கேட்டா, அப்பா ஒயர் மாட்டும்போது இங்கேதான் உட்காருவாராம்.

வியாழன் காலை. இல்லை.

வெள்ளி காலை, மாலை ரெண்டும் உண்டு. யாரும் இல்லை. எதுவும் பேசலை.

சனி. பேக்கப் எடுத்தேன். சத்தம் இருந்ததான்னு கவனிக்கலை.

இது போதுமா?


ஆகஸ்ட் 22

உனக்கு,

வாடிக்கையாளர்னு எழுத இன்னிக்கு வரலை. கோச்சுக்காதே.

குறிப்பைப் படிச்சேன். ஒரு தடவை மட்டும் இல்லை. மதிய சாப்பாட்டு நேரத்துல, கடைக்குப் பின்னாடி அட்டைப் பெட்டி அடுக்கியிருக்கற இடத்துல நின்னு படிச்சேன். முட்டை வரைக்கும் வந்து நிறுத்திட்டேன். மேல படிக்க அப்புறம் ஒரு மணி நேரம் ஆச்சு.

இங்கே ஒரு அறையில மூணு பேர் இருக்கோம். ஜன்னலைத் திறந்தா எதிர்க் கட்டிடத்தோட சுவர் கைக்கு எட்டும். அதெல்லாம் பழகிடுச்சு. பழகாதது வேற ஒண்ணு. ஒரு நாளைக்குப் பதினஞ்சு மெஷின் என் கைக்கு வருது. ஒவ்வொண்ணையும் திறந்ததும் முதல்ல தெரியறது அவங்க வீட்டுப் படம்தான். யாரோட பொண்டாட்டியோ சிரிக்கிறா, யாரோட பிள்ளையோ நாயைக் கட்டிப் பிடிச்சிருக்கு. நான் அந்த முகத்து மேலேயே செட்டிங்ஸைத் திறந்து வெச்சு வேலை பார்க்கறேன். சாயங்காலம் ஆனா கண்ணுக்குள்ள ஊர்ப்பட்ட குடும்பம் நிக்குது, நம்மளுது மட்டும் இல்லை.

சிகிச்சைக்கு வர்றேன். மெஷினை மெத்தை மேல வைக்காதே, மேசை மேல வை. பிரவுசர்ல ஒரே நேரத்துல நாற்பது பக்கம் திறந்து வைக்கிற பழக்கத்தை விடு. குறிப்பு எழுதறதை மட்டும் நிறுத்தாதே, இன்னும் ரெண்டு மூணு வாரம் பார்த்தாதான் தெளிவா சொல்ல முடியும்.

ஒரு சந்தேகம். வியாழன் மாலைக்குக் குறிப்பே இல்லையே. ஏன்?


ஆகஸ்ட் 29

மெக்கானிக்குக்கு,

இந்த வாரக் குறிப்பைத் தனியா அனுப்பியிருக்கேன். இது வியாழனுக்கான பதில்.

பள்ளிக்கூடத்துல ஒரு படிவம் கொடுத்து விட்டாங்க. "வீட்டில் வசிப்பவர்கள் எத்தனை பேர்?" வாலு முதல்ல மூணுன்னு எழுதினா. அழிச்சா. ரெண்டுன்னு எழுதினா. அதையும் அழிச்சா. திரும்ப மூணு. ரப்பரைப் போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சு அந்த இடத்துல காகிதம் ஓட்டையாயிடுச்சு. "எதும்மா சரி?"ன்னு கேட்டா. டீச்சர்கிட்ட வேற தாள் வாங்கிக்கலாம்னு சொல்லிட்டு அடுப்படிக்குப் போயிட்டேன். அன்னிக்குச் சாயங்காலம் மெஷினைத் தொடலை. அவ்வளவுதான். இதைச் சொல்ல வேண்டாம்னு இருந்தேன், நீங்க விடலை.

அந்தப் பேப்பர் விஷயம். முன்கூட்டியே சொல்லிட்டேன்னு பெருமையா எழுதியிருக்கீங்க. சொன்னீங்க, சரி. கேட்டீங்களா? போடட்டுமா வேண்டாமான்னு ஒரு வார்த்தை அந்தக் கடிதத்துல இருக்கா? நான் ரெண்டு தடவை தேடிப் பார்த்தேன். போன தடவையும் என்னைக் கேட்டுப் போடலை. இந்தத் தடவையும் உங்க இஷ்டம். நீங்க போட்டாலும் போடாட்டியும் எங்களுக்கு இங்கே ஒண்ணும் குறையலை.


செப்டம்பர் 3

வாடிக்கையாளர் அவர்களுக்கு,

ஒன்றும் குறையவில்லை என்பதில் மகிழ்ச்சி. பேப்பரில் இன்று கையெழுத்து போட்டுவிட்டேன்.

படிவத்தில் இரண்டு என்று எழுதச் சொல்லவும். பிள்ளை குழம்பக் கூடாது.

இனிமேல் குறிப்பு அனுப்ப வேண்டியதில்லை. ஃபேன் உங்களைத் தொந்தரவு செய்யாது.

மெக்கானிக்


செப்டம்பர் 8

யோவ்,

மரியாதையெல்லாம் இன்னிக்குக் கிடையாது. அவ்வளவு கோபம்.

உங்க கடிதம் வந்த அன்னிக்கு, உலகத்துல நீங்க ஒருத்தர்தான் மெக்கானிக்கான்னு ரோஷம் வந்துச்சு. நேத்து மெஷினைத் தூக்கிக்கிட்டுப் பெரிய கடைக்குப் போனேன். கவுன்ட்டர்ல ஒரு சின்னப் பொண்ணு. "ஃபேன் சத்தம் தாங்க முடியலை"ன்னு நான் ஆரம்பிச்சு, காலையில எப்படி, மாலையில எப்படின்னு வரிசையா சொன்னேன். குறிப்பெல்லாம் எடுத்துட்டுப் போயிருந்தேன் வேற! அந்தப் பொண்ணு மெஷினைத் திருப்பிப் பார்த்துட்டு, ரொம்ப மரியாதையா, "அக்கா, இந்த மாடல்ல ஃபேனே கிடையாதே"ன்னுச்சு. எனக்குப் பின்னாடி வரிசையில ஆறு பேர். ஒருத்தர் தும்மற மாதிரி சிரிச்சார். வாலு, "அப்போ எதும்மா சத்தம் போடுது?"ன்னு கடை பூரா கேட்கற மாதிரி கேட்டா. மானம் கப்பல் ஏறிப் போச்சு.

ஒன்பது வருஷமா மேக் மெக்கானிக்கோட குடும்பம் நடத்தினவளுக்கு ஃபேன் இருக்கா இல்லையான்னு தெரியலை. சரி, நான் முட்டாள். பழைய மெஷின்ல இருந்ததே, இதுலயும் இருக்கும்னு நினைச்சேன். ஆனா நீங்க? "இது அலட்சியப்படுத்துற விஷயம் இல்லை"! "இன்னும் ரெண்டு மூணு வாரம் பார்த்தாதான் தெளிவா சொல்ல முடியும்"! இல்லாத ஃபேனுக்கு ஒரு மாசம் வைத்தியம் பார்த்திருக்கீங்களே, வெட்கமா இல்லை?

எனக்கும்தான் இல்லை. சத்தம் ஒரு நாளும் கேட்கலை. சக்கரம் நின்னதும் உங்களுக்கு எழுத என்கிட்ட ஒண்ணும் இல்லாம போச்சு. என்ன கோளாறு சொல்லலாம்னு ரெண்டு மணி நேரம் யோசிச்சு அதைக் கட்டிவிட்டேன். கடைக்குப் போனதும், வேற ஆள் பார்த்தாச்சுன்னு உங்களுக்கு எழுதத்தான்.

ஏன் சொல்லலை? முதல் நாளே ஒரு வரியில சொல்லியிருக்கலாமே. என்னை வெச்சு வேடிக்கை பார்த்தீங்களா?


செப்டம்பர் 10

ம்மா,

வேடிக்கையா? அந்த பி.கு.வைப் படிச்சப்போ என் கையில இருந்ததே உன் மாடல்தான். பின்மூடியைக் கழற்றி வெச்சிருந்தேன். ஃபேன் இருக்க வேண்டிய இடத்துல ஒண்ணுமில்லாம பளபளன்னு இருந்துச்சு. அதைப் பார்த்தேன், உன் வரியைப் பார்த்தேன். சிரிச்சேன், அப்புறம் கண்ணு கலங்கிடுச்சு. பக்கத்து மேசைக்காரன் தூசியான்னு கேட்டான், ஆமான்னேன்.

அந்த மாடலை நான் ஏன் தேடிப் பிடிச்சு வாங்கினேன் தெரியுமா? பழைய மெஷின் சத்தத்துல வசனம் கேட்கலைன்னு நீ தினமும் புலம்புவே. ஃபேனே இல்லாதது வேணும்னு மூணு மாசம் காத்திருந்து வாங்கினேன். கொடுக்கும்போது சொன்னேன். நீ ஹெட்ஃபோன் போட்டிருந்தே, தலையை மட்டும் ஆட்டினே.

ஒரு வரியில சொல்லியிருப்பேன். சொன்னா நீ நாக்கைக் கடிச்சுக்கிட்டு, "சரி, நன்றி"ன்னு எழுதியிருப்பே. அதோட முடிஞ்சிருக்கும். அதுக்கு மேல உன்கிட்ட இருந்து எனக்கு எது வந்திருக்கும்? அதனாலதான் குறிப்பு கேட்டேன். நம்ம வீட்டுல மணி ஏழுக்கு என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுக்க வேற வழி எனக்குத் தெரியலை.

இன்னொண்ணும் சொல்லிடறேன். முதல் தடவை உன்கிட்ட சொல்லாம கையெழுத்து போட்டது, நீ சண்டை போடுவேன்னு பயந்து இல்லை. நான் வேலை பார்த்த கடையை மூடி மூணு மாசம் வீட்டுல சும்மா உட்கார்ந்திருந்தேன். நீ ஒரு வார்த்தை குத்திச் சொல்லலை. அதுதான் என்னைக் கொன்னுச்சு. போகாதீங்கன்னு நீ ஒரு தடவை சொல்லியிருந்தா நான் போயிருக்க மாட்டேன், திரும்ப அப்படியே உட்கார்ந்திருப்பேன். அதுக்குப் பயந்துதான் சொல்லலை. தப்புதான். உனக்கு அது எப்படி இருந்திருக்கும்னு இப்போதான் புரியுது. மன்னிச்சிடு.

பேப்பர்ல கையெழுத்து போட்டது நிஜம். கொடுக்கலை. சட்டைப் பையிலயே கிடக்குது. வர்ற திங்கட்கிழமை பதினாறு, கடைசி நாள். பழைய முதலாளி வேற இடத்துல சின்னதா ஒரு கடை போடப் போறாராம், நான் வந்தா சேர்த்துக்கறேன்னு சொல்லியிருக்கார். பெரிய வேலை இல்லை. ஆனா வீட்டுக்கு ரெண்டு பஸ் தூரம்.

போன தடவை கேட்காம விட்டதை இப்போ கேட்கறேன். கையெழுத்து போட்ட பேப்பரைக் கொடுக்கட்டுமா, வேண்டாமா? நீ என்ன சொன்னாலும் அதுதான். ஆனா எங்களுக்கு ஒண்ணும் குறையலைன்னு மட்டும் இன்னொரு தடவை எழுதாதே. தாங்க முடியலை.


செப்டம்பர் 14

என்னங்க,

இது அஞ்சாவது தடவையா எழுதறேன். நாலு தடவை எழுதினதை அழிச்சிட்டேன். ஒண்ணுல உங்களைத் திட்டியிருந்தேன். ஒண்ணுல வாலு ஏங்கிப் போறான்னு எழுதியிருந்தேன். ஒண்ணுல மேல் வீட்டுக் குழாய் இன்னும் ஒழுகுதுன்னு எழுதியிருந்தேன். எல்லாம் நிஜம்தான், ஆனா எல்லாத்துலயும் நான் வேற எது பின்னாடியோ போய் ஒளிஞ்சுக்கற மாதிரி இருந்துச்சு.

குறையலைன்னு எழுதினது பொய். ஃபேனை விடப் பெரிய பொய். உங்க பக்கத்துல நின்னு ஒரு டீ குடிச்சா போதும்னு இருக்கு எனக்கு. காதுல நாள் பூரா யார் யாரோ பேசறாங்க, அத்தனை பேர் பேசறதையும் எழுதி முடிச்சுட்டு ஹெட்ஃபோனைக் கழற்றினா, வீட்டுல உங்க சத்தம் இல்லை. போன்ல உங்க குரலைக் கேட்டா கோபம் வருதுன்னு சொன்னேனே, கோபம் இல்லைங்க. கேட்டுட்டா விட முடியாது, அதுதான்.

வேலை இல்லாம இன்னும் ஆறு மாசம் உட்கார்ந்திருந்தாலும் பரவாயில்லை. உட்காருங்க. நம்ம வீட்டுலதானே உட்காரப் போறீங்க.

பேப்பரைக் கொடுக்காதீங்க.

மெஷின் நல்லா ஓடுது. குழாய்க்கு ஆள் சொல்லியாச்சு. வாலுக்கு உடம்பு நல்லா இருக்கு, படிப்பும் நல்லா இருக்கு. இங்கே எதையும் வந்து சரி பண்ண வேண்டியதில்லை. சும்மா வாங்க.